பிறத்தியார் வெள்ளி

இளையவள் காப்பித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தாள். சவப்பெட்டிக்குள் படுத்திருந்த மூத்தவளின் கழுத்தைப் பார்த்தாள். தட்டை அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் மடியில் வைத்துவிட்டு நின்றுவிட்டாள். பாவம், அவர் ஆறு டம்ளரும் சாயாமல் பிடித்துக்கொள்வதற்காக அழுகையை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

காலையில் மூத்தவளுக்கு உடுத்தி, தலைவாரி, பெட்டிக்குள் கிடத்தியதெல்லாம் இளையவள்தான். அப்போது கழுத்து வெறுமையாக இருந்தது. இப்போது அதில் பதினோரு வெள்ளி இலைகள் வரிசையாகப் படிந்திருந்தன. நடுவில் பெரியது, இரு பக்கமும் போகப் போகச் சிறியவை. ஒவ்வொரு காம்பிலும் பொடியாக ஒரு பூ. நன்றாகத்தான் படிந்திருக்கிறது என்று முதலில் தோன்றியது. தொழில் புத்தி. அடுத்த நொடிதான் உறைத்தது. அது மூத்தவளின் நகை இல்லை. விற்பனைக்குச் செய்ததும் இல்லை. பிறத்தியார் வீட்டு வெள்ளி.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் இந்த இருவரும். ஓரகத்திகள் என்றால் ஒரு வருடத்துக்குள் அடுப்பு இரண்டாக வேண்டும் என்பது உலக வழக்கம். இவர்கள் பின்கட்டில் பட்டறை போட்டு, ஒரே மூசையில் பத்தொன்பது வருடம் வெள்ளி உருக்கியது தெருவுக்குப் பெரிய ஏமாற்றம். இந்தப் பாசம் எத்தனை நாளைக்கு, பார்ப்போம் என்று காத்திருந்தவர்களில் நாலு பேர் போயே சேர்ந்துவிட்டார்கள்.

புது வெள்ளி வாங்கமாட்டார்கள். பூமியைத் தோண்டினவரைக்கும் போதும், இருக்கிறதைத் திருப்பிப் போட்டாலே நம் காலத்துக்குத் தாங்கும் என்பது மூத்தவளின் கட்சி. நசுங்கிய கிண்ணம், ஒற்றைத் தோடு, பல் போன சீப்பு என்று எது வந்தாலும் உருக்கி, ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு என்று சேர்த்துக் கழுத்தணி செய்வார்கள். வெறும் வெள்ளி வளைந்து கொடுத்துவிடும், செம்பு கூடினால்தான் நிற்கும். அந்த வீட்டில் யார் வெள்ளி, யார் செம்பு என்பதில் தெருவுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. மூத்தவள் யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். இளையவள் வாயைத் திறந்தால் அரம்.

பட்டறையைக் கூட்டினால் குப்பையை வெளியே கொட்டமாட்டார்கள். சலித்து, அதிலிருக்கும் வெள்ளித்தூளை எடுத்து வைப்பார்கள். கை கழுவிய தண்ணீருக்குக்கூடத் தனி வாளி. அந்த வீட்டு ஈ இறக்கையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வார்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம். யாராவது தங்கள் வீட்டுப் பழைய வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் இன்னொருவர் வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கலக்கக் கூடாது. அதற்குத் தனி மூசை, தனி டப்பா. மீந்த தூளைக்கூடப் பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுப்பார்கள். விற்பனைக்கு உள்ளது திறந்த தட்டில் இருக்கும். பிறத்தியாருடையது வெள்ளைத் துணி மூடிய தட்டில் இருக்கும்.

இதெல்லாம் மூத்தவளின் மகளுக்குத் தெரியாது. வெளியூரில் லிஃப்ட் கம்பெனியில் பெரிய வேலை. பட்டறையைக் கண்டால் சின்ன வயதிலிருந்தே தும்மல். இன்று காலை வந்து இறங்கி, அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு, பட்டறைச் சாவி யாரிடம் என்று கேட்டாள். சாவியை இடுப்பிலிருந்து எடுக்க இளையவளுக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடத்தை இரண்டு உறவுக்காரப் பெண்கள் பத்திரமாக மனதில் குறித்துக்கொண்டார்கள்.

அம்மா செய்ததிலேயே நல்லதைப் போட்டு அனுப்ப வேண்டும் என்று மகளுக்கு ஆசை. திறந்து கிடந்த தட்டுகளைப் பார்த்தாள், மூடியிருந்த தட்டையும் பார்த்தாள். பொத்திப் பொத்தி வைத்திருப்பதுதான் உசத்தி என்று எடுத்தாள். எந்த வீட்டிலும் சரியாக வரும் கணக்குதான். இந்தப் பட்டறையில் மட்டும் தப்பு.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டியை மூடுவதாக ஏற்பாடு. மணி பத்தே கால். கழுத்தில் கிடந்ததோ, நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் இரண்டு மாதத்துக்கு முன்னால் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த பதினோரு ஸ்பூன்கள். இன்றைக்குத் தருவதாகப் பேச்சு. முந்தாநாள் சாயங்காலம்தான் மூத்தவள் கடைசி இலையை மெருகிட்டு வைத்தாள். மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

இளையவள் பின்படிக்கட்டுக்குப் போனாள். மூத்தவளின் கணவர், முன்னாள் ரயில் டிரைவர், கையில் இருந்த கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அது எத்தனையாவது தடவையோ. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

“இருக்கட்டுமேம்மா,” என்றார். “அவ கழுத்துக்குன்னு ஒண்ணு செஞ்சு போட்டுக்கிட்டதே கிடையாது. அந்த அம்மாவுக்கு வேற ஒண்ணு செஞ்சு குடுத்துடு.”

“வேற ஸ்பூனுக்கு எங்க மாமா போறது?”

அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு, பிள்ளை ஆசையாய்ப் போட்டிருக்கிறது, நீயே பார்த்துச் சொல்லு என்று பந்தை அவள் பக்கமே உருட்டிவிட்டார். ரயில் ஓட்டின மனுஷர், தண்டவாளத்தை விட்டு இறங்கமாட்டார்.

இளையவளுக்கு நடக்கப்போவது தெளிவாகத் தெரிந்தது. கூடத்தில் முப்பது பேர். பிணத்தின் கழுத்திலிருந்து ஓரகத்தி நகையைக் கழற்றினாள் என்றால் அது இந்தத் தெருவில் மூன்று தலைமுறைக்குப் போதும். பத்தொன்பது வருடம் காத்திருந்தவர்களுக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. பேசாமல் விட்டாலோ, யாரோ ஒருத்தியின் தாய் வீட்டு வெள்ளி மண்ணுக்குள் போய்விடும். அதுவும் அக்காவின் கழுத்தில்.

சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் சொன்னாள். மென்மையாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் போனாள். வாய் பழகின வாய். கேட்காமல் ஏன் எடுத்தாய் என்றே ஆரம்பித்துவிட்டது.

மகள் குழாயை மூடினாள்.

“எங்கம்மா கழுத்துல கிடக்கிறதுகூட உங்க கண்ணை உறுத்துதா சித்தி?”

அது என்னுடையதும் இல்லை, உன் அம்மாவுடையதும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். இளையவள் ஈரத் துணியை எடுத்து நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மகள் அதற்குள் போய்விட்டாள். வாசற்படியில் நின்றிருந்த உறவுக்காரி ஒருத்தி, சர்க்கரை எங்கே என்று அவசரமாகக் கேட்டாள். சர்க்கரை அவள் கையில்தான் இருந்தது.

பதினோரு மணிக்கு நூலகத்து அம்மாள் வந்தார். கையில் பட்டறை ரசீது, தோளில் துணிப்பை. வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தே புரிந்துவிட்டது. ரசீதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் போகாமல், முறையாக உள்ளே வந்து பெட்டியருகே நின்றார். முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தை. அங்கேயே வெகுநேரம் பார்த்தார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

இளையவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பன்னெண்டு இருந்தது,” என்றார் அந்த அம்மாள் மெதுவாக. “ஒண்ணை எங்கண்ணன் தொலைச்சுட்டான். அம்மா அதுலதான் எங்களுக்கு மருந்து ஊத்துவாங்க. காம்புல பூ இருக்கும், அதைப் பார்த்துக்கிட்டே முழுங்குன்னு சொல்லுவாங்க.”

நூலகத்தில் இருந்தவர் என்பதால் மெதுவாகத்தான் பேசினார். ஆனால் சாவு வீட்டில் மெதுவாகப் பேசுவதைத்தான் எல்லாரும் கேட்பார்கள். முன் வரிசை திரும்பியது. மகளும் திரும்பினாள். எழுந்து வந்தாள். யார் இவர்கள் என்று சித்தியிடம் கேட்டாள். அந்த அம்மாளே சொன்னார். ரசீதைக்கூட எடுத்துக் காட்டினார். அதில் மூத்தவளின் கையெழுத்தில், ‘ஸ்பூன் பதினொன்று. எதனோடும் கலக்கக் கூடாது’ என்று இருந்தது.

மகள் அந்தக் காகிதத்தை நெடுநேரம் படித்தாள். ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

காப்பித் தட்டைச் சுமந்த பெரியவர் நல்ல மனசுக்காரர். சமாதானமாகச் சொன்னார்: “போறவங்க கழுத்துல போட்டாச்சு. பெரிய மனசு பண்ணி விட்டுடுங்கம்மா. புண்ணியமாப் போகும்.”

கூடம் முழுவதும் தலையாட்டியது. பிறத்தியார் வெள்ளி என்றால் எல்லாருக்கும் பெரிய மனசு. அந்த அம்மாளும் விட்டுவிடுவார், கண்ணைத் துடைத்துக்கொள்வார், எல்லாரும் அழலாம் என்று தயாராக இருந்தார்கள்.

“இல்ல,” என்றார் அவர். “எனக்கு வேணும்.”

இருமல் ஒன்று பாதியில் நின்றது. பின்படிக்கட்டிலிருந்து எழுந்து வந்த கணவர், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் கடிகாரம் இல்லை.

மகள் ரசீதை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டியருகே போனாள். அம்மாவின் பின்கழுத்தில் விரலை விட்டுத் துழாவினாள். கொக்கி வரவில்லை. தூக்கத்தில் கழன்றுவிடக் கூடாது என்று மூத்தவள் பக்கவாட்டில் தள்ளித் திருப்புகிற மாதிரி ஒரு கொக்கி செய்வாள். போடும்போது அது தானாகவே விழுந்துகொள்ளும். எடுப்பதற்குத்தான் தெரிந்த ஆள் வேண்டும்.

“சித்தி,” என்றாள். “வரலை.”

அவள் இரண்டு கையாலும் அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். இளையவள் குனிந்தாள். இருவர் நெற்றியும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. கட்டை விரலால் தள்ளி, அரைத் திருப்புத் திருப்பினாள். பதினோரு இலைகளும் சின்னச் சத்தத்தோடு அவள் உள்ளங்கையில் இறங்கின. குளிர்ந்திருந்தன.

கழுவித் துடைத்துக் கொண்டுவருகிறேன், ஒரு நிமிடம் உட்காருங்கள் என்றாள் அந்த அம்மாளிடம். பட்டறையில் பொட்டலமும் இருக்கிறது, மீந்த தூள்.

அந்த அம்மாள் வேண்டாம் என்று தலையசைத்தார். துணிப்பையை நாற்காலியில் வைத்தார். முன்வரிசைக்கு நடந்து வந்து, இளையவளுக்கு முதுகைக் காட்டி நின்று, நரைத்த கூந்தலை ஒரு கையால் வழித்து முன்னே போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

இளையவள் இலைகளைச் சுற்றிக் கொண்டுவந்து பின்னால் சேர்த்தாள். தானாக விழுகிற கொக்கி. இன்று மூன்றாவது தடவைதான் விழுந்தது. அதுவரை மகள் தன் அம்மாவின் தலையைக் கீழே வைக்காமல், இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.