ஒப்பீட்டு எலியில் பதினொரு செல்கள்

பகலில் எலி மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி ஸ்லைடில் ஏற்றுவது என் வேலை. மாலையில் பட்டப்படிப்பு வகுப்பு. அதனால் ஆய்வகத்தில் என் பேச்சுக்குப் பாதி மதிப்புதான். அந்தப் பாதியையும் நானே குறைத்துக்கொள்வேன்.

எங்களிடம் இருப்பது வெறிநாய்க்கடி வைரஸ், பல் பிடுங்கியது. ஒரு நரம்பு செல்லில் புகுந்தால், அதற்குச் செய்தி அனுப்பும் செல்களுக்குப் பின்னோக்கித் தாவி, அவற்றைச் சிவப்பாக ஒளிரவைக்கும். தாவ ஒரு துணை மரபணு வேண்டும். அதைக் கொடுக்காத எலிதான் ஒப்பீட்டு எலி. அதில் வைரஸ் புகுந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஓர் ஒப்பீட்டு எலியில், ஊசி போட்ட இடத்துக்கு வெகு தொலைவில் பதினொரு சிவப்புச் செல்கள். மூன்று முறை எண்ணினேன். ஸ்லைடின் சீட்டு, கூண்டு எண் எல்லாம் சரி. வைரஸே கெட்டுப்போய், துணை மரபணு இல்லாமல் தாவுகிறது என்றால், ஆராய்ச்சி மாணவி அக்காவின் இரண்டு வருட உழைப்பும் போச்சு.

அக்கா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“ஸ்லைட மாத்தி வெச்சுட்டியா?”

“இல்லக்கா, சீட்ட ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“போன வாரம் பரீட்சைன்னு தூங்கி வழிஞ்ச. அந்தக் கண்ண வெச்சுக்கிட்டு எலிக்குச் சாட்சி சொல்ல வந்துட்டா!”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இந்த வாரம் கட்டுரை அனுப்பணும்மா. நீ மாத்தியிருக்க வாய்ப்பே இல்லையா? கொஞ்சம்கூட?”

அப்படிக் கேட்டால், இருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றும். ‘ஸ்லைடுகள் என்னால் மாறிவிட்டன, கணக்கில் சேர்க்க வேண்டாம்’ என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

“தங்கம்டி நீ.”

வியாழக்கிழமை பேராசிரியர் பதிவேட்டைப் புரட்டினார். “இந்தப் பொண்ண இனிமே மூளைப் பக்கமே விடாதீங்க.” தங்கம் என்றவர் பக்கத்தில்தான் நின்றார். அன்றிலிருந்து எனக்குக் கழுவும் அறையில்தான் வேலை.

திங்கட்கிழமை அக்கா ஒரு தட்டு நிறையக் குப்பிகளோடு அங்கே வந்தார். பழைய வைரஸ், மொத்தமும்.

“பிளீச்சுல ஊத்திடு. புதுசு ஆர்டர் பண்ணியாச்சு.”

“பழசுக்கு என்னக்கா?”

“ஒண்ணுமில்ல.”

“அப்ப அந்தக் கட்டுரை?”

“நேத்தே அனுப்பியாச்சு. ஊத்துடி.”

ஊற்றினேன். அழிப்புப் பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.

“காலாவதின்னு போடு.”

குப்பியில் போட்டிருந்த தேதிக்கு இன்னும் எட்டு மாதம் மிச்சமிருந்தது. அதைப் பார்த்துவிட்டே, எந்தச் சந்தேகமும் இல்லாமல், காலாவதி என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.