பதினோராவது வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு மெத்தை விளம்பரத்தால் கிடைத்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாளிதழில் வெள்ளிக்கிழமைதோறும் ஆறாம் பக்கத்தின் கீழ்மூலையில் 'கடல் நிலவரம்' என்று ஒரு பெட்டி வரும். தூண்டில் போடுகிறவர்களுக்கானது. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்த மீன் கரைக்கு வந்திருக்கிறது, எந்த இரைக்கு எடுக்கிறது, எல்லாம் பதினோரு வரிக்குள். ஒன்பது வருடமாக அதை எழுதுகிறவன் நான். கடலில் கால் நனைத்து எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள். என் மேசை மூன்றாம் மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் இருக்கிறது.

விவரம் தருகிறவர் ஓர் அக்கா. பழைய படகுத்துறை ஓரமாக இரையும் தூண்டிலும் விற்கும் கடை வைத்திருக்கிறார். வியாழக்கிழமை டாணென்று மூன்று மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். நேரில் பார்த்ததே இல்லை. அலுவலகத்தில் அவருக்குக் கடலக்கா என்று பெயர்.

2

தொடக்கத்தை எப்படியெல்லாமோ எழுதிப் பார்த்தேன்.

'கோடை பிறந்ததும் கடல் ஒரு புதுப்பெண்ணைப் போல' (வேண்டாம். பெட்டிச் செய்தி எழுதுகிறவனுக்கு இந்த ஆசை ஆகாது.)

'அவள் கடலைப் பார்த்தபடி நின்றாள். காற்று அவள் கூந்தலை' (கூந்தல் நரைத்ததோ, கத்தரித்ததோ, யார் கண்டது?)

கடைசியில், கேட்டதை அப்படியே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"தம்பி, எழுதிக்குங்க. மேல் தண்ணி சூடாயிருச்சு. அடித்தண்ணி இன்னும் சில்லுன்னுதான் இருக்கு."

"மீன்?"

"வெளி மணல்திட்டுல நிக்குது. கரைக்கு வர மனசில்ல. இன்னும் ரெண்டு டிகிரி ஏறணும்."*

"காத்து?"

"காலையில இல்ல. மத்தியானத்துக்கு மேல கடல்லேர்ந்து அடிக்குது. பதினோரு மணிக்குள்ள பிடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடச் சொல்லுங்க. இறால் போட்டா எடுக்கும். கணவாய் வேஸ்ட்."

வெப்பமானியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, நூறு எண்ணி, மேலே தூக்கிப் பார்த்துச் சொல்கிற கணக்கு இது. இத்தனையும் சொல்லிவிட்டு, படகுத்துறையின் உடைந்த தூணைப் பற்றிக் கடைசியாக ஒன்று சொல்வார்.

"உடைஞ்ச தூணுக்கு இடப்பக்கம் இன்னும் வரல. அதையும் போட்டுக்குங்க."

* மீன் திட்டிலேயே நின்று தயங்குவதை வாசகர் உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீன் என்றால் மீன்தான். இப்போதைக்கு.

3

ஒன்பது கோடையாக அந்தப் பதினோராவது வரி மாறவில்லை. 'உடைந்த தூணுக்கு இடப்பக்கம் இன்னும் வரவில்லை.' மீனே வராத இடத்தைப் பற்றி எதற்கு வாராவாரம் செய்தி? ஒருமுறை கேட்டேன். "அது இருந்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார்.

போன வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மெத்தைக் கடைக்காரர் தன் விளம்பரத்தை ஒரு விரற்கடை பெரிதாக்கிக்கொண்டார். பதினோரு வரியைப் பத்தாக்க வேண்டும். எதை வெட்டுவது? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் வெட்டியிருப்பீர்கள். (இல்லை என்கிறவர்களுக்கு நாளிதழில் வேலை கிடைக்காது.)

4

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு சந்தாதாரர் கூப்பிட்டார். கடல் என்ன, ஆறுகூட இல்லாத உள்நாட்டு ஊர். அங்கே எங்கள் நாளிதழ் போகிற ஒரே வீடு அவருடையது. தபாலில் நான்கு நாள் தாமதமாகப் போகும்.

"ஆறாம் பக்கம் எழுதுறவரா?" இருமல். "இந்த வாரம் பத்து வரிதான் இருக்கு."

"ஆமா சார், கொஞ்சம் இடம்..."

"தூணுக்கு இடப்பக்கம்னு ஒரு வரி வருமே. அது இல்ல."

அவர் தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றுவது எனக்குக் கேட்டது. மறுபடி இருமினார்.

"அப்படின்னா... வந்துடுச்சா?"

'மெத்தை விளம்பரம் சார்' என்று சொல்ல இரண்டு நொடி போதும். ஆனால் அந்தக் குரலில் அத்தனை ஆசை இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. "விசாரிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். எங்கள் தொழிலில் எதற்கும் சொல்கிற பதில் அது.

"மெதுவா விசாரிங்க" என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."

அவசரமில்லாதவர் வெளியூரிலிருந்து கூப்பிடுவாரா?

5

வியாழன் மூன்று மணிக்கு, அக்கா தண்ணீர்க் கணக்கை ஆரம்பிக்குமுன் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"வரி இல்லாதத நானும் பாத்தேன்" என்றார். "கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். பேசறப்ப நடுநடுவுல இருமினாரா?"

"ஆமாக்கா."

"அண்ணன்."

அவருக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது. பிறகு அவரே சொன்னார். அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டபோது, அண்ணன் உடைந்த தூணுக்கு இடப்பக்கம் தூண்டிலோடு நின்றுகொண்டிருந்தார். அப்பா கேட்ட மீன், ஒன்றாவது கொண்டுபோய்க் காட்ட வேண்டுமென்று. வெறுங்கையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"'அங்க நின்னு என்னத்தக் கிழிச்ச, ஒரு மீனாவது வந்துச்சா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன் தம்பி."

"அவர் என்ன சொன்னார்?"

"'வந்தா சொல்லியனுப்பு, அன்னைக்கு வர்றேன்'னுட்டுப் போனான்."

(இங்கே அக்காவை அழ வைக்கலாமா என்று யோசித்தேன். அவர் அழவில்லை.)

"முதல் வருஷம் அவனக் குத்திக்காட்டத்தான் போடச் சொன்னேன். அப்புறம் கோவம் போயிடுச்சு, வரி மட்டும் தங்கிடுச்சு. நான் இன்னும் தெனம் அங்க போய்ப் பாக்குறேன்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும்."

6

முடிவு என் கையில் இருப்பதுபோல் தோன்றியது. ஆறாம் பக்கம் என்னுடையதுதானே.

"வந்துருச்சுன்னு போட்டுடட்டுமா அக்கா?"

"தண்ணியப் பாத்தாலே கண்டுபிடிச்சிடுவான். பொய்க்கு வந்தவன் நிப்பானா?"

"அப்ப, வரலைன்னே போடறேன்."

"போட்டா இன்னும் ஒரு வருஷம் அங்கேயே உக்காந்திருப்பான்."

"நம்பர் இருக்கு, தரட்டுமா?"

"ஒன்பது வருஷம் கழிச்சு ஹலோன்னு சொல்லிட்டு, அப்புறம் என்னத்தப் பேச?"

நானும் எழுத்தாளன்தான் என்று சொல்லிக்கொள்கிறவன். மூன்று முடிவு கொடுத்தேன், மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். நாலாவதை அவரே சொன்னார்.

"இந்த வாரமும் அந்த வரிய விட்டுடுங்க. ஆனா விளம்பரத்த அங்க உக்கார வைக்காதீங்க. இடம் காலியா இருக்கட்டும். சந்தேகமா இருந்தா அவனே வந்து பாத்துக்கட்டும்."

பிறகு வழக்கமான குரலில், "எழுதிக்குங்க தம்பி. அடித்தண்ணி ரெண்டு டிகிரி ஏறியிருக்கு" என்றார்.

7

பெட்டி வெளிவந்தது. பத்து வரி, கீழே ஒரு வரிக்கு வெள்ளை. ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டார். அச்சுப் பிழை என்றேன். மெத்தைக் கடைக்காரரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்று புதன்கிழமை. அண்ணனுடைய பிரதி நேற்றே போய்ச் சேர்ந்திருக்கும். 'அவர் அதைப் பிரித்து, ஆறாம் பக்கத்தைத் திருப்பி' என்று எழுதிக்கொண்டிருக்கும்போது என் மேசைத் தொலைபேசி அடிக்கிறது.

புதன்கிழமை எனக்கு யாரும் கூப்பிடுவதில்லை. வியாழன் மூன்று மணி எப்போது வரும் என்று வாரம் பூராவும் காத்துக் கிடக்கிறவன் நான், எனக்குத் தெரியாதா?

நான் எடுத்தால் 'விசாரிச்சுச் சொல்றேன்' என்று உளறிவிடுவேன். நீங்கள் எடுங்கள். தண்ணீர் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அந்தப் பக்கம் யாராவது இருமினால், இருமலுக்குப் பின்னால் கேட்பது மின்விசிறியா, அலையா என்று கவனியுங்கள்.