எங்க நாயா, நம்ம நாயா?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிறுவர் இதழ் ஆசிரியர் போனில் சொன்னார்: "நட்பு, கூட்டுமுயற்சி, ஒரு தெருநாய். நெகிழ்ச்சியா முடிச்சுடுங்க சார். திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குள்ள வேணும்."

எனக்கு நாய் ஆகாது. பிள்ளைகள் அதைவிட ஆகாது. ஆனால் என் ஜன்னலை ஒட்டிய மாடிப்படிக்கு அடியில் மூன்று பிள்ளைகளும் ஒரு நொண்டி நாயும் பத்து நாளாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

2

"மழை கொட்டிய ஒரு மாலையில், மூன்று இணைபிரியா நண்பர்கள்..."

(மழையே இல்லை. இணைபிரியாவாம்! கண்ணாடிக்காரியும் முன்பல் விழுந்தவனும் ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தையே கிடையாது.)

"அந்த நாயின் கண்களில் ஒரு..."

அடச்சே. பீளைதான் இருந்தது.

3

நடந்ததையே எழுதித் தொலைக்கிறேன். பேசாத அந்த இரண்டு பேரும் நாயை நடுவில் வைத்துத்தான் பேசினார்கள்.

"நாயே, பஞ்சை நனைச்சுத் தரச் சொல்லு."

"நாயே, நனைச்சாச்சுன்னு சொல்லு. கண்ணு தெரியலையான்னும் கேளு."

மூன்றாவது ஆள், மாடிவீட்டுத் தையல்காரரின் கடைக்குட்டி, அடிபட்ட காலைப் பிடித்துக்கொள்வாள். அப்பாவின் வெட்டுத்துணியில் கட்டுப் போடுவார்கள். நாய் முனகவில்லை. நான்தான் முனகினேன்.

4

ஒருநாள் அட்டைப்பெட்டியில் "நம்ம நாய்" என்று கொட்டை எழுத்தில் எழுதி, நாயோடு என் வாசலில் வைத்தார்கள். வந்ததே கோபம்!

"இங்க பாரு. 'நம்ம'ன்னா நானும் சேர்த்தி. 'எங்க'ன்னா நீங்க மூணு பேர் மட்டும். எனக்கும் இதுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. அடிச்சுட்டு ஒழுங்கா எழுது."

கண்ணாடிக்காரி அடித்துவிட்டு "எங்க நாய்" என்று எழுதினாள். இலக்கணம் சொல்லிக்கொடுத்த மிதப்பில் அன்று எனக்கு இரண்டு பக்கம் ஓடியது.*

* கிழித்துப் போட்டாயிற்று.

5

நேற்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் பிள்ளைகளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார். பெரியவர் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் நாய் இருக்கலாம். இல்லாவிட்டால் திங்கள் காலை பத்து மணிக்கு வண்டி வரும். அந்த வண்டியில் போன நாய் எதுவும் இதுவரை திரும்பியதில்லை.

(அதே பத்து மணி. நானாக இட்டுக்கட்டியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள்.)

மூன்று வீட்டிலும் முடியாது என்றுவிட்டார்கள். மிச்சமிருந்த கதவு என்னுடையது.

6

இன்று ஞாயிறு. சாயங்காலம் வாசலில் வந்து நின்றார்கள்.

"நீ கேளுடா."

"நீயே கேளேன்."

(கவனித்தீர்களா? நடுவில் நாய் இல்லை. நேராகவே பேசிக்கொள்கிறார்கள். எனக்கே இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.)

பல்லு போனவன் படிவத்தை என் மேஜையில் வைத்தான். "அங்கிள், யாருடைய நாய்னு ஒரு கோடு போட்டிருக்கு. அதுல எங்க நாயா, நம்ம நாயா? நீங்கதானே அன்னைக்குச் சொல்லிக்குடுத்தீங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறேன். ஆசிரியர் நெகிழ்வார். பத்து வருஷம் நாய்மயிரைக் கூட்டப்போவது அவரா?

முடிவு இரண்டு: கதவைச் சாத்துகிறேன்.

(சாத்தியும் பார்த்தேன். கடைக்குட்டி நாயிடம் சொன்னது வெளியிலிருந்து கேட்டது: "பயப்படாதே, அவரு இன்னும் யோசிக்கிறாரு.")

பயப்படுவது நாய் இல்லை, நான். ஒரு காலியான கோட்டைப் பார்த்து, இந்த வயதில்.

பேனா மூடியைக் கழற்றியாயிற்று. இவ்வளவு நேரம் கூடவே நின்று வேடிக்கை பார்த்தீர்களே, நழுவாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். என்ன எழுதட்டும்?

யோசித்துச் சொல்லுங்கள். 'நம்ம' என்றால் நீங்களும் சேர்த்தி.