முதலில் அவர் சொல்லட்டும்

துருவி என்பது பட்டப்பெயர்தான். ஆனால் பொருத்தமான பெயர். வானொலிப் பேட்டிக்கு வந்து அவர் எதிரே உட்காருபவர்களைத் தேங்காய் மாதிரி துருவி எடுத்துவிடுவார். கடைசியில் ஓடுதான் மிஞ்சும். ஒருமுறை ஒரு நீதிபதி வந்தார். கால் மணி நேரத்தில், பள்ளிப் பரீட்சையில் காப்பியடித்ததை ஒப்புக்கொண்டு, தனக்குத்தானே ஆறு மாதத் தண்டனையும் விதித்துவிட்டுப் போனார்.

இதனால் வந்த வினை, விருந்தினர்கள் வாயைத் திறக்கவே பயந்தார்கள். அந்த நிலையத்தில் பத்து விநாடி பேச்சு நின்றால் இயந்திரம் தானாகப் பாட்டுப் போட்டுவிடும். மூன்று வாரமாகப் பாட்டுதான் ஓடியது.

“இன்னிக்கும் பாட்டு விழுந்துச்சுன்னா நிகழ்ச்சிய மூடிடுவேன்பா,” என்றார் நிலைய இயக்குநர்.

அன்றைய விருந்தினர், உச்சத்தில் இருந்தபோதே நடிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட நடிகை. முப்பது வருஷமாக ஏன் என்று சொல்லாதவர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “வீட்டு விஷயம் கேளுங்க தம்பி, தாராளமா. ஆனா அதே கேள்விக்கு முதல்ல நீங்க பதில் சொல்லணும்.”

பூ, இவ்வளவுதானா என்று துருவி தலையாட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“கடைசியா எப்பம்மா அழுதீங்க?”

“நீங்க?”

“போன மாசம். மீசைச் சாயம் கண்ணுல பட்டுடுச்சு.”

“எனக்கு வெங்காயம்,” என்றார் நடிகை.

இப்படியே போனால் உருப்படாது என்று துருவி நேரே அடிமடியில் கைவைத்தார். “வீட்ல யார்கிட்டயும் சொல்லாத ரகசியம் ஒண்ணு?”

நடிகை கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார். ஆறு விநாடி. ஏழு. எட்டு. ஒன்பதில் துருவி உடைந்தார்.

“மாமியாரோட கிளி தானா பறந்து போகல. நான்தான் கூண்டத் திறந்து விட்டேன். நான் போன்ல பேசறத எல்லாம் அது கூடத்துல அப்படியே ஒப்பிச்சுக்கிட்டிருந்துச்சு.”

ஊரே திரண்டதுபோல் தொலைபேசிகள் அலறின. முதல் அழைப்பு மாமியார்.

“மாப்பிள்ளை, கிளி போனது போகட்டும். அது கூடத்துல என்ன ஒப்பிச்சுது? எனக்குக் காது மந்தம், சரியா விழல. உங்க பொண்டாட்டியும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கா.”

“அத்தை, அது... சொந்த விஷயம்.”

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார்: ‘கிளி என்ன சொன்னது? சொன்னால் நிகழ்ச்சி இனி தினமும்!’

நடிகை மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: “என்ன தம்பி, சொல்லிடறீங்களா? சொல்லிட்டா அடுத்து நானும் என் ரகசியத்தச் சொல்லியாகணும்.”

துருவி அவரைப் பார்த்தார். மினுக்கும் தொலைபேசி விளக்கைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, நிதானமாகப் பத்து வரை எண்ணினார்.

பாட்டு ஆரம்பித்தது. நல்ல பாட்டு. இருவரும் முழுவதையும் கேட்டார்கள்.