மீந்த டை பாக்கெட்

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த தணிகாசலம், பர்மனென்ட் ஆகும்வரை இளமையாகத் தெரியவேண்டுமென்று வருஷக்கணக்கில் தலைக்கு டை அடித்துவந்தார். பர்மனென்ட் ஆவதற்கான வயது தாண்டிவிட்டது என்று தெரிந்த அன்றோடு நிறுத்திவிட்டார்.

"இனிமே எந்தப் பயலுக்குக் காட்டணும்?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

இரண்டே மாதத்தில் தலை வெளுத்துவிட்டது. மைன்ஸ் கேட்டருகே மேஸ்திரி அவரை நிறுத்தினார்.

"பெரியவரே, நீங்க வூட்டுல இருங்க. பையன் சும்மாதான கீறான்? அவன அனுப்புங்க."

மறுநாள் காலை, மந்தாரக்குப்பம் வாடகை வீட்டில் மகன் யுவராஜ் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனுக்கும் இப்போதே காதோரம் நரைத்திருந்தது. அலமாரியில் மீந்துகிடந்த டை பாக்கெட்டைக் கரைத்து, பிரஷை அப்பாவிடம் நீட்டினான்.

"பின்னாடி எட்டலப்பா. நீங்க தடவி வுடுங்க."

தணிகாசலம் அவன் தோளில் துண்டைப் போர்த்தினார். ஒரு நரைகூட விடாமல் தடவினார்.