தொட்டுப் படிக்க

அன்று காலை என் மகளால் ரொட்டியைக் கடிக்க முடியவில்லை.

"வாய் திறக்க மாட்டேங்குதுப்பா. தாடையை யாரோ புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

"ஓயாம ஓடுற மெஷினாச்சே. ஒரு நாள் லீவு கேக்குது" என்றேன். வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அடுப்படியில் அவள் அம்மா சிரித்தாள்.

"முடியலைன்னா வீட்டுலயே இருடி."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா! வேற என்னிக்குச் சொன்னாலும் இருக்கேன்."

ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து உறிஞ்சிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

இறுகிய தாடை எனக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரிப் பிணவறையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். எத்தனை மணி நேரத்தில் இறுகும், எப்போது தளரும் என்பதெல்லாம் தெரியும். உயிரோடிருக்கும் பிள்ளைக்கு இறுகினால் என்ன பொருள் என்பது மட்டும் தெரியவில்லை.

பள்ளியில் நடந்ததை அவளுடைய பெஞ்சுத் தோழி, குடை ரிப்பேர்காரர் மகள், பிறகு சொன்னாள்.

ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் அந்த நடுநிலைப் பள்ளிக்கு மூன்று பெட்டிகள் கொடுத்திருந்தார். ஒன்றில் மைக்ராஸ்கோப். ஒன்றில் மனித எலும்புகள். மூன்றாவதில் துருப்பிடித்த அறுவைக் கத்திகள். 'ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் தொட்டுப் படிக்கட்டும்' என்று ஒரு கடிதம். அறிவியல் டீச்சர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார்.

எலும்புப் பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். டீச்சரும் ஓரடி தள்ளியே நின்றார். பிறகு அவர் பார்வை என் மகள்மேல் விழுந்தது.

"நீ எடு. உங்க வீட்டுல பழக்கம்தானே."

எங்கள் வீட்டுக்குள் கோழி எலும்பைத் தவிர வேறு எலும்பு வந்ததில்லை. ஆனாலும் அவள் எடுத்தாள். துடைத்தாள், எண் போட்டாள், கம்பியில் கோத்தாள். மூன்றே வாரத்தில் முழு எலும்புக்கூடு எழுந்து நின்றது. வகுப்பில் அவளுக்கு 'எலும்பு' என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து என் கையை அமுக்கி அமுக்கி, "ஒரு கைக்கு இருபத்தேழுப்பா!" என்று எண்ணிக் காட்டினாள்.

மைக்ராஸ்கோப் கதை வேறு. நான்கைந்து பெற்றோர் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள்.

"பொணம் தூக்குறவன் மக கண்ணை வெச்ச இடத்துல எங்க பிள்ளைங்களும் கண்ணை வைக்கணுமா சார்?"

"பார்த்துப் பண்ணுங்கம்மா" என்று அவர் டீச்சரிடம் தள்ளிவிட்டார். டீச்சர் கெட்டவர் இல்லை. ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அந்தக் கத்திங்களைத் துரு போகத் தேய்ச்சுக் குடு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லாரும் பார்த்து முடிச்சதும் கடைசியா நீ பாரு. அப்புறம் நான் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கறேன்."

பள்ளியின் பின்பக்கம் மண்ணில் உட்கார்ந்து தேய்த்தபோது, கட்டைவிரலின் அடியில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது. தோழி பயந்துபோனாள்.

"மிஸ்கிட்ட சொல்லுடி!"

"லூசா நீ? சொன்னா கத்தியை வாங்கிடுவாங்க. வெள்ளிக்கிழமையும் போயிடும். வெங்காயத் தோலு ரூம் ரூமா தெரியுமாம்டி. நான் பார்த்தே ஆகணும்."

எங்களிடம் பென்சில் சீவும்போது கீறிவிட்டது என்றாள். நம்பினோம். பத்து வயதில் பள்ளியில் டெட்டனஸ் தடுப்பூசி போட்ட அன்று அவளுக்குக் காய்ச்சல். பிறகு கூட்டிப்போக நான் மறந்தேன். அதை நான் வேறு யார்மேலும் போட முடியாது.

அந்த வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டுப் பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். அவள் முப்பத்தொன்பதாவது. மேசைக்கு அருகே போனபோது மணி அடித்தது. அந்தச் சத்தத்தில் அவள் உடல் வில்லாக வளைந்து தரையில் விழுந்தது.

"எலும்பு டான்ஸ் ஆடுதுடா!" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவள் பல் கடிபடும் சத்தம் கேட்ட பிறகுதான் சிரிப்பு நின்றது.

"யாராவது தூக்குங்களேன்!" என்று டீச்சர் கத்தினார். கத்தியவரும் குனியவில்லை. பியூன் வந்தார், தலைமையாசிரியர் வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவங்க அப்பாவை வரச் சொல்லுங்க."

நான் ஓடி வந்து சேர முக்கால் மணி நேரமானது. அதுவரை தரையிலேயே கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் வெளிச்சம் படாத அறையில் நான்கு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். சீட்டில் பெயரை நானே எழுதி அவள் கையில் கட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே அழுதார். அது பொய் அழுகை இல்லை.

"பெட்டி குடுத்த டாக்டர் ஸ்கூலுக்கு வந்தாருங்க. எலும்புக்கூட்டைப் பார்த்து அசந்துட்டாரு. இப்ப எல்லாப் பிள்ளைங்களும் பயமில்லாம தொடுறாங்க."

"யாரு கோத்ததுன்னு சொன்னீங்களா?" என்று கேட்டாள் அவள் அம்மா.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாணவர்கள் சேர்ந்து செஞ்சாங்கன்னு... ஹெச்.எம். சொல்லிட்டாரு."

பிறகு கைப்பையிலிருந்து அவளுடைய அறிவியல் நோட்டை எடுத்தார். நான் கையை நீட்டினேன். டீச்சர் என் கையைப் பார்த்தார். நான் மடக்கவில்லை. அவள் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் நோட்டை வாசலில் கிடந்த ஸ்டூலின் மேல் வைத்தார்.