மெரோபியின் நேர்ச்சை

ஸ்த்ராத்திஸ் இரண்டு பைஜாமாக்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது கறிக்கடை இக்னாத்திஸ் வந்தான். மறுநாள் காலைக் கப்பலில் ஏதென்ஸ் போக வேண்டும். அங்கே ஸ்த்ராத்திஸின் குடலில் சுருங்கிப்போன பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள்.

பஸ் ஓட்டுகிறவனுக்கு வரவே கூடாத நோய் ஒன்று உண்டென்றால் அது இந்தக் குடல் அழற்சிதான். பன்னிரண்டு வருஷமாக அடங்குவதும் கிளம்புவதுமாகப் பாடாய்ப் படுத்துகிறது. இந்தத் தடவை கிளம்பியதும் ஏதென்ஸ் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தாள். குழைந்த வெள்ளைச் சோறு, கோழி, மீன், முட்டை சாப்பிடலாம். பயறு, கடலை, கீரை, எள் ஆகவே ஆகாது. ஆறு வாரம் மருந்தும் பத்தியமுமாக இருந்தும் வலி குறையாவிட்டால் கத்திதான் என்றாள். ஆறு வாரம் ஆயிற்று. வலி குறையவில்லை, எட்டுக் கிலோ குறைந்துவிட்டது. பட்டியல்படிதான் சாப்பிட்டீர்களா என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். அக்கா மெரோபி சமைக்கிறாள், ஒரு பருக்கை தப்பவில்லை என்று இவனும் அடித்துச் சொன்னான்.

"என்னப்பா, எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்றான் இக்னாத்திஸ்.

"எனக்கென்ன கோவம்?"

"தவக்காலம்னா ஊரே என் கடைப்பக்கம் வராது, சரி. சீக்காளிக்கு என்ன நோன்பு? உனக்குன்னு தினம் ஒரு கோழி எடுத்து வச்சேன். மெரோபி ஒரு நாள்கூட எட்டிப் பாக்கலையே."

"தினம் கோழி சூப்தானேடா குடிக்கிறேன்!"

"எந்தக் கோழி? இந்த மலைல கடை என்னது ஒண்ணுதான்."

ஸ்த்ராத்திஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையலறைக்குப் போய் மாவு டப்பாக்களை நகர்த்தினான். பின்னால் எள் விழுது வந்த காலி ஜாடிகள் ஆறு இருந்தன. பக்கத்தில் கொண்டைக்கடலை மூட்டை, முக்கால்வாசி தீர்ந்திருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரத்தில் ஊரில் எல்லா வீட்டிலும் கொதிக்கிற சூப்தான் இவன் குடித்தது. அரிசியை வேகவைத்து, எள் விழுதைக் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிவார்கள். மெரோபி அதில் கொண்டைக்கடலையையும் மசித்துக் கரைத்திருக்கிறாள். பார்க்க முட்டை அடித்து ஊற்றிய கோழி சூப் மாதிரியே வெள்ளையாக, கொழகொழவென்று இருக்கும். மாத்திரை தின்று தின்று மரத்துப்போன நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுப்பருகே நின்ற மெரோபி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்டா தம்பி. நோன்பு முடியுறவரைக்கும் இந்த வீட்டுல கறி முட்டை படாது, நீ எழுந்து நடக்கணும்னு."

"நீ பட்டினி கெட. என்னை எதுக்குக்கா கெடா மாதிரி நேர்ந்து விட்ட? சீக்காளிக்கு நோன்பு இல்லன்னு சாமியாரே சொல்றாரே!"

"அவர் ஆயிரம் சொல்லுவார். நேர்ந்ததை முறிச்சா மாதா உன்னை எடுத்துக்குவா."

"எட்டுக் கிலோ எடுத்தாச்சு! இப்ப குடலையும் எடுக்கப் போறாங்க!"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அக்காவின் கையில் திணித்தான். "நீயே சொல்லு."

"எள்ளும்மா," என்றாள் மெரோபி. "ஆறு வாரமா எள்ளும் கடலையும்தான் குடுத்தேன்."

மறுமுனையில் டாக்டரம்மா போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது. "மருந்து கேக்கலன்னு நெனச்சு அறுத்திருப்பேனே! அறுத்ததைத் திருப்பி ஒட்ட முடியுமா? உடனே இங்க வரட்டும், எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் கத்தி கெடையாது. இன்னிலேர்ந்து பட்டியல்ல உள்ளது மட்டும் குடுங்க."

இக்னாத்திஸ் கடைக்கு ஓடிப்போய்க் கோழி கொண்டுவந்தான். மெரோபி அதை வேகவைத்தாள், முட்டை உடைத்து அடித்தாள், எலுமிச்சை பிழிந்தாள். கிண்ணத்தைத் தம்பி முன்னால் வைத்தாள்.

வெள்ளையாக, கொழகொழவென்று ஆவி பறந்தது. பிறந்ததிலிருந்து அவள் கையால் தின்று வளர்ந்தவன் அதை வெறித்துப் பார்த்தான். கரண்டியைத் தொடப் பயமாக இருந்தது.

"நீ மொதல்ல ஒரு வாய் குடி," என்றான்.

ஐம்பது வருஷமாகத் தவக்காலத்தில் பால்கூடத் தொடாதவள் மெரோபி. அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கரண்டியை எடுத்து, அவன் கண் முன்னாலேயே குடித்தாள்.

"கோழிதான்டா," என்றாள்.